ஹென்றி இர்விங்கின் கடிதங்களைத் தேடி: லண்டன் முதல் பிராட்ஃபோர்ட் வரை

திங்கள், லண்டன்

இந்தப் பயணம் ஒரு நடிகரின் கடிதங்களுக்காக. ஹென்றி இர்விங். 1838-ல் சாமர்செட் பக்கம் கீன்டன் மாண்டவில் என்ற கிராமத்தில் ஜான் ஹென்றி பிராட்ரிப் என்ற பெயரில் பிறந்தவர். 1905-ல் இறந்தபோது சர் ஹென்றி இர்விங்காக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் கிடைத்தது. இங்கிலாந்தில் நடிகர் ஒருவருக்கு சர் பட்டம் கொடுத்தது அதுதான் முதல் தடவை, 1895-ல். அதற்கு முன்னால் நடிகன் என்றால் நல்ல வீட்டில் பெண் கொடுக்க மாட்டார்கள்.

அவர் வெறும் நடிகரும் இல்லை. நம் ஊர் பழைய நாடகக் கம்பெனிகளில் முதலாளியே ராஜபார்ட் கட்டுவார் இல்லையா, அதே மாதிரி விக்டோரியா காலத்து இங்கிலாந்திலும் தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து, நாடகம் தேர்ந்தெடுத்து, சீன் வரைய ஆள் பிடித்து, சம்பளம் கொடுத்து, ஒத்திகை நடத்தி, ராத்திரி முக்கிய வேஷத்தையும் தானே போட்ட முதலாளி நடிகர்கள் ஒரு வரிசையாக இருந்தார்கள். அந்த வரிசையில் உச்சம் இர்விங். 1878-லிருந்து ஏறக்குறைய இருபது வருஷம் லண்டன் லைசியம் தியேட்டர் அவருடைய ராஜ்ஜியம்.

நடிப்பு நின்ற இடத்திலேயே கரைந்துபோகிற கலை. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் அவர் போட்ட ஷைலாக் வேஷத்தைப் பார்த்தவர்கள் எழுதியதைப் படிக்கலாம், படம் பார்க்கலாம், அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. ஆனால் கடிதம் இருக்கிறது. தியேட்டரிலிருந்து போனவை, தியேட்டருக்கு வந்தவை, மனைவிக்கு, மகன்களுக்கு, கூட நடித்தவர்களுக்கு, பணம் கேட்டவர்களுக்கு என்று ஆயிரக்கணக்கில். அவை பல ஊர்களில் சிதறிக் கிடக்கின்றன, அதில் சில ஊர்களுக்காவது போவது என்று கிளம்பினேன்.

இன்று வெறும் நடைதான். ஸ்ட்ராண்டிலிருந்து வெலிங்டன் தெருவில் திரும்பினால் லைசியத்தின் பெரிய தூண்கள் தெரிகின்றன. 1834-ல் சாமுவேல் பீஸ்லி கட்டிய முகப்பு அது, அதை மட்டும் விட்டுவிட்டுப் பின்னால் இருந்த தியேட்டரில் பெரும்பகுதியை 1904-ல் இடித்துவிட்டார்கள். இப்போது உள்ளே 1999-லிருந்து லயன் கிங் ஓடுகிறது. வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரிசை. நான் பக்கத்தில் பர்லி தெருவுக்குப் போனேன். அந்தப் பக்கம்தான் இர்விங்கின் சொந்த வாசல், நாடகம் முடிந்ததும் விருந்தாளிகள் அதன் வழியாக ஏறி பீஃப்ஸ்டேக் அறையில் நள்ளிரவு விருந்து சாப்பிடுவார்கள். அந்த விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது, யாருக்குப் பக்கத்தில் யார் என்பதும் கடித வேலைதான்.

சாயங்காலம் ஆற்றைத் தாண்டி சதர்க்கில் பேர் லேன் வரை நடந்தேன். ரயில் பாலத்தின் வளைவுகளுக்கு அடியில் லைசியத்தின் சீன்களை அடுக்கி வைத்திருந்தார்கள். 1898 பிப்ரவரி 18-ல் தீப்பிடித்து 44 நாடகங்களின் சீன்கள் போயின. செய்த செலவு மட்டும் 30,000 பவுண்டுக்கு மேல். காப்பீடு 6,000 பவுண்டுக்குத்தான் இருந்தது. முதலில் 10,000-க்கு இருந்ததாம், சிக்கனம் என்று நினைத்து அதைக் குறைக்கச் சொன்னது இர்விங்கேதான், தீ பிடிப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு. அந்த உத்தரவை நிறைவேற்றியவர் அவருடைய மேனேஜர். அந்தத் தீக்குப் பிறகு பழைய வெற்றி நாடகங்களைத் திரும்பப் போட்டு நஷ்டத்தை ஈடுகட்டும் வழியே அடைபட்டுப் போனது, அதே வருஷம் கிளாஸ்கோவில் நுரையீரல் நோயில் விழுந்தார், மறு வருஷம் லைசியம் அவர் கையை விட்டு ஒரு கம்பெனிக்குப் போனது. ஒரு பெரிய கலைஞனின் வீழ்ச்சியை விமர்சகர்கள் ரசனை மாறியது, இப்சன் என்ற புது மாதிரி நாடகாசிரியர் வந்தார் என்றெல்லாம் எழுதுவார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் காப்பீட்டுப் பத்திரத்தில் மாறிய ஒரு தொகைக்கும் அதில் பங்கு உண்டு என்று அந்த வளைவுக்கு அடியில் நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய், கிழக்கு லண்டன்

விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நாடகச் சேகரிப்பு முன்பு ஊருக்கு மேற்கே இருந்தது, இப்போது கிழக்கே, ஒலிம்பிக் பூங்காவில் 2025-ல் திறந்த புதிய ஸ்டோர்ஹவுஸுக்கு வந்துவிட்டது. முன்கூட்டியே பதிவு செய்து, எந்தப் பெட்டி வேண்டும் என்று சொல்லிவைக்க வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். பை வெளியே. கடிதத்தை வைக்க ஒரு பஞ்சுத் தலையணை மாதிரி தாங்கி தருகிறார்கள், தாள் சுருளாமல் இருக்கத் துணி சுற்றிய கனமான ஒரு கயிறு.

கையில் எடுத்தால் முதலில் தெரிவது தாள்தான். நாலாக மடித்த மடிப்பில் அழுக்கேறி, மடிப்பு ஓரம் நார் நாராக நிற்கிறது. கருப்பு மை பழுப்பாகிவிட்டது. அந்தக் காலத்துக்காரர்கள் தாளை வீணாக்க மாட்டார்கள், நாலு பக்கமும் எழுதி முடிந்ததும் முதல் பக்கத்துக்கே திரும்பி ஓரத்தில் குறுக்காக எழுதுவார்கள், அதைப் படிக்க கழுத்தைச் சாய்க்க வேண்டும். துக்க வீட்டிலிருந்து வந்த கடிதத்துக்குக் கருப்பு ஓரம் கட்டிய தாள், ஒரு எழுத்து படிக்குமுன்னே சேதி தெரிந்துவிடும்.

இர்விங் பெயரில் போன தியேட்டர் கடிதங்களைப் படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கீழே அவர் பெயர் இருக்கும், எழுதிய கை பல தடவை வேறொருவருடையது. அந்தக் கை பிராம் ஸ்டோக்கருடையது. ஆமாம், டிராகுலா எழுதியவர்தான். உலகத்துக்கு அவர் நாவலாசிரியர், தன் வாழ்நாளில் அவர் லைசியத்தின் மேனேஜர், 27 வருஷம். இர்விங்குக்காகத் தான் எழுதிய கடிதங்கள் ஐந்து லட்சம் தேறும் என்று அவரே ஒரு கணக்கு சொல்லியிருக்கிறார். வகுத்துப் பார்த்தால் ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஐம்பது. அந்தக் காலத்து லண்டனின் நடுப்பகுதியில் தபால்காரர் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வருவார், காலையில் போட்ட கடிதத்துக்கு மத்தியானம் பதில் வந்து, சாயங்காலம் அதற்கும் பதில் போய்விடும். அதனால் இதை இன்றைய மின்னஞ்சல் வேகத்தில்தான் யோசிக்க வேண்டும்.

என்ன கடிதங்கள்? ஓசி பாஸ் கேட்டு. வேஷம் கேட்டு. கையெழுத்து கேட்டு. தான் எழுதிய ஐந்து அங்க நாடகத்தைப் படித்துப் பார்க்கச் சொல்லி. ஒரு காலத்தில் கூட நடித்து இப்போது வேலை இல்லாமல் கிடக்கிறேன் என்று. இந்தக் கடைசி வகைக்கு இர்விங் கை நீட்டிக் கொடுப்பவர் என்பது நாடக உலகத்துக்கே தெரிந்த விஷயம், வயதான நடிகர்கள் பலருக்கு வாரப்படி போய்க்கொண்டிருந்தது. மேடைக்கு வருமுன் இர்விங்கே குமாஸ்தாவாக இருந்தவர், நியூகேட் தெருவில் கல்கத்தாவோடு வியாபாரம் செய்த தாக்கர் கம்பெனியின் ஆபீஸில். ஒரு கடிதம் எங்கே போகிறது, பதில் வராவிட்டால் காத்திருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஸ்டோக்கர் வந்து சேர்ந்த கதையும் தபாலில்தான் நடக்கிறது. 1876-ல் டப்ளினில் ஒரு விருந்துக்குப் பிறகு இர்விங் ஒரு நீளமான கவிதையைச் சொல்லிக் காட்ட, டப்ளின் அரசு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த ஸ்டோக்கர் அதைக் கேட்டு நிலைகுலைந்து போனார். இர்விங் உள்ளே போய்த் தன் புகைப்படம் ஒன்றில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். 'என் அருமை நண்பர் ஸ்டோக்கருக்கு, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும், கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்', கீழே டப்ளின், 1876 டிசம்பர் 3. இரண்டு வருஷம் கழித்து கிளாஸ்கோவிலிருந்து தந்தி, முக்கியமான வேலை, உடனே வர முடியுமா என்று. மறுநாள் சாயங்காலம் ஸ்டோக்கர் அங்கே நின்றார். லைசியத்தை நான் எடுக்கப்போகிறேன், அரசு வேலையை விட்டுவிட்டு வருகிறாயா என்று கேட்டார் இர்விங். பதின்மூன்று வருஷ சர்வீஸ், பென்ஷன், எல்லாவற்றையும் விட்டார். கல்யாணத்தை முன்னுக்கு இழுத்து டிசம்பர் 4-ல் முடித்து, 9-ம் தேதி பர்மிங்காமில் போய்ச் சேர்ந்தார். மனைவியோடு வந்து நின்றவரைப் பார்த்து இர்விங்குக்கு ஒரே ஆச்சரியம்.

இர்விங்கின் சொந்த வாழ்க்கை வேறு மாதிரி. 1871 நவம்பர் 25-ல் 'தி பெல்ஸ்' நாடகத்தின் முதல் இரவு, லண்டனே எழுந்து நின்று கைதட்டியது. வீட்டுக்குப் போகும் வண்டியில் மனைவி ஃப்ளாரன்ஸ், வாழ்நாள் முழுக்க இப்படியே கோமாளித்தனம் செய்துகொண்டிருக்கப் போகிறீர்களா என்று கேட்டாராம். ஹைட் பார்க் முனையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனவர் அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. குடும்பத்தில் சொல்லி வந்த கதை இது, பேரன் லாரன்ஸ் இர்விங் 1951-ல் எழுதிய பெரிய வாழ்க்கை வரலாற்றின் வழியாக எல்லோருக்கும் தெரிந்தது. பேச்சு அறுந்தது, தபால் அறவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம், பிள்ளைகளின் படிப்பு, புது நாடகங்களின் முதல் இரவுகளுக்கு மனைவிக்கென்று ஒரு பாக்ஸ் சீட்டு. ஒரு திருமணம் முழுக்க முழுக்க நிர்வாகக் கடிதமாக மாறிப் பல வருஷம் ஓடியிருக்கிறது.

புதன், ஸ்மால்ஹைத்

செயின்ட் பாங்க்ராஸிலிருந்து ஆஷ்ஃபோர்ட் ரயில், அங்கிருந்து பஸ்ஸில் டென்டர்டன், அப்புறம் இரண்டு மைல் கிராமப் பாதை. லைசியத்தில் இர்விங்கோடு கதாநாயகியாக நடித்த எலன் டெர்ரியின் வீடு இது. 1899-ல் வாங்கினார், 1928-ல் இங்கேயே இறந்தார், மகள் ஈடித் கிரெய்க் அதை அப்படியே நினைவில்லமாகக் காப்பாற்றி 1939-ல் நேஷனல் டிரஸ்டிடம் கொடுத்தார். சாய்ந்த மரச் சட்ட வீடு, தரை ஏறி இறங்குகிறது, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் குனிந்துதான் போக வேண்டும்.

இர்விங் டெர்ரிக்கு எழுதிய ஒரு பழைய கடிதத்தை டெர்ரி தன் சுயசரிதையிலேயே அச்சிட்டிருக்கிறார். 1878 ஜூலை 20. அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு உங்களைச் சந்திக்கும் மகிழ்ச்சியை எதிர்பார்க்கிறேன், நல்வாழ்த்துகளுடன், ஹென்றி இர்விங். அவ்வளவுதான். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்கு எழுதுவது போல. இருபத்துநாலு வருஷம் நீடித்த ஒரு கூட்டு அதிலிருந்து தொடங்கியது. அவர் டெர்ரியின் அப்போதைய வெற்றி நாடகத்தைப் போய்ப் பார்க்கக்கூட இல்லை, லேடி பொல்லாக் என்ற நண்பர் சொன்னதை நம்பி ஒஃபீலியா வேஷத்துக்கு எடுத்துக்கொண்டார். டிசம்பர் 30-ல் ஹாம்லெட்டோடு புது லைசியம் திறந்தது. மறு வருஷம் 'வெனிஸ் வணிகன்', 250 இரவு.

இங்கே எல்லோரும் பார்க்க வருவது ஒரு உடையை. 1888 மெக்பெத்தில் டெர்ரி போட்டது. பச்சைக் கம்பளி நூலும் நீலச் சரிகையும் சேர்த்துப் பின்னிய நீண்ட அங்கி, அதன் மேல் பொன்வண்டின் சிறகு ஓடுகள், ஏறக்குறைய ஆயிரம். நம் ஊர்ப் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வைத்து வளர்க்கும் பொன்வண்டுதான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது, இதுவும் அந்த வண்டு இனம்தான், சிறகு ஓட்டைத் துணியில் தைக்கும் வேலை இந்தியாவில் ஏற்கெனவே இருந்து ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியும் ஆனது. கண்ணாடிக்குப் பின்னால் மங்கலான விளக்கு. நகர்ந்து நகர்ந்து பார்த்தால் ஒரு இடத்தில் பச்சை, இன்னொரு இடத்தில் நீலம், நடுவில் ஒரு செம்பு நிறம். காஸ் விளக்கில் இது மேடையில் நடந்து வந்தால் எப்படி இருந்திருக்கும்! ஓவியர் சார்ஜென்ட் அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த உடையில் டெர்ரியைப் பெரிய ஓவியமாக வரைந்தார். உடை நைந்து போயிருந்ததைப் பல வருஷம் பணம் திரட்டி 2011-ல் செப்பனிட்டு வைத்தார்கள்.

ஆனால் எனக்கு இந்த வீட்டில் மனம் நின்றது கடித விஷயத்தில். 1890-களில் லைசியத்தை வாராவாரம் பத்திரிகையில் கிழித்துக்கொண்டிருந்தவர் நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா. அதே ஷா லைசியத்தின் கதாநாயகியோடு கடிதத்தில் உயிர்த் தோழமை. 1896-ல் ஷேக்ஸ்பியரின் சிம்பலீன் நாடக ஒத்திகை நடக்கும்போது அதன் நாயகி இமோஜன் வேஷத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார். முதலாளியின் நாடகத்துக்கு எதிரி முகாமிலிருந்து பாடம் வருகிறது. அதோடு ஷா தன்னுடைய 'மேன் ஆஃப் டெஸ்டினி' நாடகத்தை இர்விங் போட வேண்டும் என்று காத்திருந்தார். அந்த டிசம்பரில் ரிச்சர்ட் III முதல் இரவு. இர்விங் வழக்கம்போல நடிக்கவில்லை என்று ஷா எழுதிய விமர்சனத்தைப் படித்தவர்கள் குடித்திருந்தார் என்று சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். அந்த முதல் இரவு நாடகம் முடிந்து போனதும் வீட்டு மாடிப்படியில் வழுக்கி இர்விங்கின் முழங்கால் போனது, வாரக்கணக்கில் மேடை ஏற முடியவில்லை. அந்த விமர்சனத்துக்குப் பிறகு ஷாவின் நாடகம் திருப்பி அனுப்பப்பட்டது.

இதில் நான் டெர்ரி பக்கம். இரண்டு பேரையும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஷாவோடு நடந்த கடிதப் போக்குவரத்து 1931-ல், டெர்ரி இறந்த பிறகு, புத்தகமாக வந்து பெரிய புகழ் பெற்றது. அதைப் படிப்பவர்களுக்கு இர்விங் ஏதோ பழைய காலத்துப் பிடிவாதக்கார முதலாளியாகத் தெரிவார், ஏனென்றால் ஷா எழுதத் தெரிந்தவர், இர்விங்குக்கு அந்த மாதிரி எழுத வராது. நன்றாக எழுதியவர் பக்கம் சரித்திரம் சாய்ந்துவிடுகிறது என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வியாழன், ஸ்ட்ராட்ஃபோர்ட்

வரும் வழியில் ஒரு ரயில் ரத்தாகி அரை நாள் போய்விட்டது. ஷேக்ஸ்பியர் ஊரில் எல்லோரும் பிறந்த வீட்டுக்குப் போக, நான் ரோதர் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே ஒரு மணிக்கூண்டும் அதன் அடியில் குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியும். அமெரிக்க நீரூற்று என்று பெயர். ஃபிலடெல்ஃபியாவின் பத்திரிகை முதலாளி ஜார்ஜ் சைல்ட்ஸ் கொடுத்த பணம். 1887 அக்டோபர் 17-ல் இதைத் திறந்து வைத்து, அமெரிக்கக் கவிஞர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இதற்கென்றே எழுதி அனுப்பிய கவிதையை வாசித்தவர் இர்விங்.

அமெரிக்காவோடு அவருக்கு அவ்வளவு நெருக்கம். 1883 அக்டோபரில் லிவர்பூலிலிருந்து முதல் பயணம், மொத்தம் எட்டுத் தடவை போய் வந்தார்கள். ஒரு முழுக் கம்பெனியை, சீன், உடை, விளக்கு சகிதம் கடல் தாண்டி நகர்த்துவதை நினைத்துப் பாருங்கள். கப்பல் இடம், ரயில் பெட்டி, ஓட்டல், ஒவ்வொரு ஊர் தியேட்டர்காரரோடும் வசூல் பங்கு ஒப்பந்தம், எல்லாம் மாதக்கணக்கில் முன்னாலேயே எழுதி எழுதி முடிக்க வேண்டும். 1888 மார்ச்சில் வெஸ்ட் பாயின்ட் ராணுவப் பள்ளி மாணவர்களுக்காக 'வெனிஸ் வணிக'னைச் சீனே இல்லாமல், வெறும் உடையோடு போட்டார்கள். சீன் இல்லாமலே மாணவர்கள் தொப்பிகளை மேலே எறிந்து ஆரவாரம் செய்தார்கள். சீன் ஜோடனையை வைத்துத்தான் இர்விங் பிழைத்தார் என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு ராத்திரி பதில்.

ஷேக்ஸ்பியர் பிறந்தக அறக்கட்டளையின் ஆவணக் காப்பகத்தில் ஸ்டோக்கர் சேகரிப்பு இருக்கிறது. லைசியம் சம்பந்தமான தாள்கள். இவற்றை ஒரு மேனேஜர் எறியாமல் வைத்திருந்திருக்கிறார். நேரம் குறைவாக இருந்ததால் மேலோட்டமாகத்தான் பார்க்க முடிந்தது.

ராத்திரி தங்கிய இடத்தில் எல்.எஃப். ஆஸ்டினைப் பற்றிப் படித்தேன். இர்விங்கின் செயலாளர், இரண்டாவது அமெரிக்கப் பயணத்தில் கூடப் போனவர். இர்விங்குக்கு சொற்பொழிவு எழுதிக் கொடுப்பது யார் என்பதில் அவருக்கும் ஸ்டோக்கருக்கும் உள்ளுக்குள் போட்டி, ஆஸ்டின் தன் மனைவிக்கு எழுதிய கடிதங்களில் அது வெளியே வருகிறது. இர்விங்கின் குரலில் எழுத இரண்டு பேர் அடித்துக்கொண்டார்கள்.

வெள்ளி, லீட்ஸ்

லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் பிரதர்டன் சேகரிப்பில் ஸ்டோக்கருக்கு வந்த கடிதங்கள் இருக்கின்றன. வட்டமான பெரிய வாசிப்பு மண்டபம், பச்சைத் தூண்கள். இதுவரை அனுப்பியவர் பக்கத்திலிருந்து பார்த்ததை இங்கே பெற்றுக்கொண்டவர் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இர்விங்கிடம் போக வேண்டியவர்கள் முதலில் ஸ்டோக்கரைத்தான் தட்ட வேண்டும், அதனால் அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எல்லோரும் அவருக்கு எழுதினார்கள். பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் லைசியத்துக்கு அடிக்கடி வருவார், காது மந்தமான பிறகு மேடை ஓரத்திலேயே ஒரு இருக்கை போட்டுத் தருவார்கள். மார்க் ட்வைன் தன்னைத் திவாலாக்கிய அச்சுக் கோக்கும் இயந்திரத்தில் இர்விங்கும் ஸ்டோக்கரும் கொஞ்சம் பணம் போட்டிருந்தார்கள், அந்த முயற்சி கவிழ்ந்ததும் ட்வைனுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தராமல் இருப்புக் கொள்ளவில்லை.

இந்தப் பயணம் முழுக்க என் மனதில் உருண்டுகொண்டிருந்த ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆவணக் காப்பகங்களில் சொந்தக் கடிதம், தொழில் கடிதம் என்று பிரித்து அடுக்குவார்கள். இந்த மனிதர்கள் விஷயத்தில் அந்தப் பிரிவு நிற்கவில்லை. மனைவிக்குப் போவது கணக்கு. மேனேஜருக்கு வருவது பாசம். டெர்ரிக்குப் போன வேலைக் கடிதம் இரண்டு பேரின் வாழ்க்கையையே மாற்றியது. இர்விங்குக்குத் தியேட்டருக்கு வெளியே வாழ்க்கை இருக்கவில்லை, அதனால் அவருடைய அந்தரங்கம் முழுக்க ஆபீஸ் தாளில்தான் இருக்கிறது. உணர்ச்சிக் கடிதங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வாழ்க்கை வரலாறு எழுதுபவர்கள் பாதி மனிதரைத்தான் காட்டுகிறார்கள். பில், சீட்டு, சம்பளம், இன்னாருக்கு இரண்டு பாஸ் கொடு, இதையெல்லாம் படித்தால்தான் மீதி.

டிராகுலாவையும் இந்த வெளிச்சத்தில் திரும்பப் படிக்க வேண்டும். அந்த நாவலில் கதை சொல்பவர் என்று தனியாக யாரும் இல்லை. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துண்டு, இவைதான் மொத்தப் புத்தகமும். கதாநாயகி மினா எல்லாத் தாள்களையும் தட்டச்சு செய்து தேதி வாரியாக அடுக்குகிறாள், அந்த அடுக்கில்தான் ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவைப் பிடிக்கும் வழி கிடைக்கிறது. பகலெல்லாம் கடிதத்திலேயே கிடந்த ஒருவருக்குத்தான் கோப்பு அடுக்குவதை வைத்து ஒரு பேயை வீழ்த்தலாம் என்று தோன்றும். இர்விங்கைப் பார்த்துத்தான் டிராகுலா பிரபுவை உருவாக்கினார், வேலைக்காரனின் ரத்தத்தை உறிஞ்சும் முதலாளி என்று ஒரு வாதம் ரொம்பப் பிரபலம். எனக்கு அது ஒட்டவில்லை. அந்த நாவலில் லைசியம் இருப்பது பிரபுவிடம் இல்லை, மினாவின் மேசையில். 1897 மே 18-ல், புத்தகம் வருவதற்குச் சில நாள் முன், நாடக உரிமையைக் காப்பதற்காக லைசியம் மேடையில் அதை வாசித்தார்கள். அன்று மினாவாக வாசித்தவர் ஈடித் கிரெய்க், ஸ்மால்ஹைத் வீட்டைக் காப்பாற்றிய அதே மகள்.

சனி, பிராட்ஃபோர்ட்

லீட்ஸிலிருந்து கொஞ்ச நேரம்தான். ஃபார்ஸ்டர் சதுக்க ரயில் நிலையத்தை ஒட்டியே மிட்லண்ட் ஓட்டல். நிலையத்திலிருந்து ஓட்டலுக்குள் வர ஒரு பழைய வழி, சுவரெல்லாம் பளபளப்பான ஓடுகள், அது இன்னும் இருக்கிறது. வரவேற்பறையில் இருந்தவர்களிடம் இர்விங் பெயரைச் சொன்னதும் புன்னகையோடு கூட்டிப்போய்க் காட்டினார்கள்.

1905 அக்டோபர் 13, அதுவும் வெள்ளிக்கிழமை. பிராட்ஃபோர்ட் தியேட்டர் ராயலில் கவிஞர் டென்னிசனின் 'பெக்கெட்' நாடகம். உடம்பு முன்பே தளர்ந்திருந்தது, முந்தின ராத்திரி 'தி பெல்ஸ்' போட்டது இதயத்தை இன்னும் வாட்டியிருந்தது. பெக்கெட்டாக அவர் மேடையில் கடைசியாகச் சொன்னது 'உமது கைகளில், ஆண்டவரே, உமது கைகளில்.' நாடகம் முடிந்து ஸ்டோக்கர் விடைபெறும்போது இர்விங் அவர் கையைப் பிடித்து, வெளியே கடும் குளிர், உனக்கு ஜலதோஷம் வேறு, கழுத்தைச் சுற்றி மூடிக்கொள், உடம்பைப் பார்த்துக்கொள், கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்றார். அப்புறம் வண்டியில் ஓட்டலுக்கு வந்தார். உள்ளே நுழைந்தவர் நிற்க முடியாமல் சாய்ந்தார், உடை உடுத்திவிடும் வால்டர் காலின்சன் தாங்கிப் பிடிக்க, அங்கேயே உயிர் போனது. செய்தி கேட்டு ஸ்டோக்கர் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. மானிங்ஹாம் லேனில் அது இருந்த பக்கம் நடந்துவிட்டு ஓட்டலுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன். அக்டோபர் 20-ல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அஸ்தியை வைத்தார்கள். டிசம்பரில் அவர் வீட்டுச் சாமான்கள், ஓவியங்கள், நாடக நினைவுப் பொருள்கள் எல்லாம் கிறிஸ்டீஸில் ஏலம் போயின. உயிலில் இரண்டு மகன்களுக்கும், கடைசி வருஷங்களில் துணையாக இருந்த எலைசா ஏரியாவுக்கும் பங்கு. ஸ்டோக்கருக்கு ஒன்றும் இல்லை. இதைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. 27 வருஷம், ஐந்து லட்சம் கடிதம்! ஸ்டோக்கர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. 1906-ல் பக்கவாதம் வந்து விழுந்து எழுந்து, அதே வருஷம் இர்விங்கைப் பற்றிய நினைவுகளை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். இந்தப் பதிவுகளில் நான் சொன்ன தந்தி, புகைப்படம், கழுத்தை மூடிக்கொள்ளச் சொன்னது எல்லாம் அந்த நூலில் இருந்துதான் வருகின்றன.

இன்னும் பார்க்க வேண்டியது அமெரிக்காவில் இருக்கிறது. நியூயார்க் விமர்சகர் வில்லியம் விண்டருக்கு இர்விங் வருஷக்கணக்கில் எழுதியவை வாஷிங்டனில் ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தில் உள்ளன. ஒரு விமர்சகரை நண்பராக வைத்துக்கொள்வதும் முதலாளி நடிகரின் தொழிலில் ஒரு பகுதி, அதை அவர் எந்த அளவு தொழிலாகச் செய்தார், எந்த அளவு மனதாரச் செய்தார் என்று அந்தக் கட்டைப் பிரித்தால் தெரியும். விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.